சூன்யம் போன வழி, சைபர் வந்த வழி

"பூஜ்யத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம்." பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் சரி, சங்கங்களின் ஆண்டுக் கூட்டமானாலும் சரி, இந்த வாக்கியம் ஒலிக்காத மேடை குறைவு. கைதட்டலும் நிச்சயம். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கொடுத்தோம் என்றால் எதைக் கொடுத்தோம்? யார் கையில் கொடுத்தோம்? வாங்கிக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? கொஞ்சம் சங்கடமான கேள்வி ஒன்றும் உண்டு: நாம் அதை வைத்து என்ன செய்தோம்?

நம் அங்கத்தினர்களில் ஆடிட்டர்கள், வங்கி அதிகாரிகள், அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். எண்ணோடு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை ருசிக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். காலியான இடத்துக்கு ஒரு குறி போடுவது நம்முடைய தனிச் சொத்து அல்ல. பாபிலோனியர்கள் 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்களை எழுதினார்கள். (நம் கடிகாரத்தில் 60 நிமிஷம் இருப்பது அவர்கள் உபயம்தான்.) நீண்ட காலம் நடுவில் வெறும் இடைவெளி விட்டே சமாளித்தார்கள். படிப்பவன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கி.மு. 300-ஐ ஒட்டி அந்த இடைவெளியில் சாய்வான இரண்டு ஆப்புக் குறிகளைப் போடத் தொடங்கினார்கள். மத்திய அமெரிக்காவில் மாயர்கள், இவர்கள் யாரையும் அறியாமலே, தங்கள் காலக் கணக்கில் சிப்பி வடிவத்தில் ஒரு சூன்யக் குறி வைத்திருந்தார்கள்.

அப்படியானால் நம்முடையது எது? பத்தே குறிகள், அதே குறி ஒற்றை ஸ்தானத்தில் நின்றால் ஒரு மதிப்பு, பத்தாம் ஸ்தானத்தில் நின்றால் பத்து மடங்கு என்ற ஒழுங்கு, சூன்யத்தையும் மற்ற எண்களைப் போலவே கூட்டிக் கழித்துப் பெருக்கலாம் என்ற துணிவு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது இந்தியாவில்தான்.

எப்போது சேர்ந்தது என்பதற்குச் சாட்சி சுலோகங்கள். நம் பெரியவர்கள் ஜோதிஷத்தையும் கணிதத்தையும் செய்யுளில் எழுதினார்கள். பெரிய எண்ணைச் சந்தத்தில் அடக்க ஒரு உபாயம் செய்தார்கள். சந்திரன் என்றால் 1, நேத்திரம் என்றால் 2, அக்னி என்றால் 3, வேதம் என்றால் 4, ஆகாசம் என்றால் பூஜ்யம். எண்ணை ஒற்றை ஸ்தானத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். வேதம், ஆகாசம், நேத்திரம் என்று வரிசையாகச் சொன்னால் 204. கவனியுங்கள், ஸ்தான மதிப்பு என்ற எண்ணம் ஏற்கனவே கேட்பவன் மனதில் இல்லாவிட்டால் 'ஆகாசம்' என்ற சொல்லுக்கு இங்கே வேலையே கிடையாது.

இந்த முறையில் எண்கள் வரும் பழைய நூல்களில் ஒன்று 'லோகவிபாகம்' என்ற ஜைன நூல். அது நம் பக்கத்து நூல் என்பது பலருக்குத் தெரியாது. காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22-வது ஆட்சியாண்டில், சக வருஷம் 380-ல், அதாவது கி.பி. 458-ல், சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகா என்ற ஊரில் அதை எழுதியதாக நூலிலேயே குறிப்பு இருக்கிறது. கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர்தான் அந்தப் பாடலிகா என்பது அறிஞர்கள் கருத்து. மூலம் பிராகிருதம். இன்று கையில் இருப்பது பிற்காலத்து சமஸ்கிருத வடிவம். ஆகவே அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 458-ல் எழுதியபடியே இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பல்லவ நாட்டு ஜைன மடம் ஒன்றின் பெயர் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த கடபயாதி முறை பழக்கமானது. மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக மாற்றித் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண் வந்துவிடும். தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65. முதல் மேளமான கனகாங்கியில் 'க' ஒன்று, 'ன' பூஜ்யம். திருப்பிப் போட்டால் 01. எழுபத்திரண்டு மேளத்தின் வாசற்படியிலேயே ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது.

பூஜ்யத்தை எண்ணாகவே நடத்தி அதற்கு விதி எழுதியவர் பிரம்மகுப்தர். இன்றைய ராஜஸ்தானில் உள்ள பீன்மால் அவர் ஊர். 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' கி.பி. 628-ல் முடிந்தது. பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்ணுக்கு அவர் வைத்த பெயர் தனம். கீழ்ப்பட்ட எண்ணுக்கு ருணம். வரவும் கடனும்! கடனிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் கடன் கடனாகவே இருக்கும். சம அளவு தனமும் ருணமும் சேர்ந்தால் பூஜ்யம். ஒரு நல்ல கணக்கப்பிள்ளை பேசுவது போலவே இருக்கிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் சொல்லி வைத்தார். அது இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை முதலில் கேட்கவே ஒருவர் வேண்டியிருந்தது. 500 வருஷம் கழித்து, 1150-ஐ ஒட்டி, பாஸ்கராசாரியர் ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்து வருவதற்குக் 'கஹரம்' என்று பெயரிட்டார். எவ்வளவு சேர்த்தாலும் கழித்தாலும் அது மாறாது என்றார். பிரளயத்தில் ஜீவராசிகள் எல்லாம் உள்ளே போனாலும் சிருஷ்டியில் வெளியே வந்தாலும் பகவான் மாறாமல் இருப்பதை அதற்கு உவமை சொன்னார்.

கல்லில் வெட்டிய வட்டப் பூஜ்யத்தைப் பார்க்க விரும்புபவர்கள் குவாலியருக்குப் போக வேண்டும். டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் பெரும்பாலான ரயில்கள் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வருகின்றன. கோட்டைக்கு ஏறும் வழியில் பாறையைக் குடைந்து செய்த ஒரு சிறிய விஷ்ணு கோயில் இருக்கிறது. பெயர் சதுர்புஜர் கோயில். அங்கே விக்கிரம வருஷம் 933, அதாவது கி.பி. 876-ஐச் சேர்ந்த கல்வெட்டு. பெருமாளுக்கு நந்தவனம் விட்ட சாசனம். தோட்டத்தின் நீளம் 270 முழம், அகலம் 187 முழம், தினமும் 50 மாலை. அந்த 270-லும் 50-லும் உள்ள சுழிகள் நாம் இன்று போடுவது போலவே இருக்கின்றன. எந்தப் பண்டிதரும் கணிதம் கற்பிக்க அதை வெட்டவில்லை. புஷ்ப கைங்கரியத்துக்குக் கணக்கு எழுதியவர் சர்வ சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இதைவிடப் பழைய பூஜ்யம் இந்தியாவில் அல்ல, கடல் கடந்த இடத்தில் கிடைத்திருக்கிறது. கம்போடியாவில் சம்போர் என்ற இடத்துக் கல்வெட்டில் சக வருஷம் 605 என்று இருக்கிறது, அதாவது கி.பி. 683. நடுவில் ஒரு புள்ளி. அதுதான் பூஜ்யம். சுமத்ராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டும் அதே சக 605. நம் சக வருஷமும் நம் எண்களும் கப்பலேறிப் போயிருந்த காலம் அது. கம்போடியக் கல் அந்நாட்டின் கொடுமையான ஆண்டுகளில் காணாமல் போய், 2013-ல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது.

2017-ல், ஆக்ஸ்போர்டில் இருக்கும் பக்ஷாலி சுவடியைக் கார்பன் சோதனை செய்து, அதன் ஓர் ஏடு கி.பி. 3 அல்லது 4-ம் நூற்றாண்டு என்று அறிவித்தார்கள். நம் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதே சுவடியின் மற்ற ஏடுகள் பல நூற்றாண்டுகள் பிந்தியவையாகத் தெரிந்தன. ஒரே ஆள் ஒரே கையெழுத்தில் எழுதியது போலத் தோன்றும் சுவடிக்கு எப்படி மூன்று வயது என்று கணித வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். அதை வைத்துப் பெருமை பேச நான் தயங்குவேன். குவாலியர் கல்லும் பிரம்மகுப்தரும் இருக்கும்போது நமக்கு அந்த அவசரம் ஏன்?

இனி எண்கள் வெளியே போன கதை. கி.பி. 662-ல் யூப்ரடிஸ் நதிக்கரை மடம் ஒன்றில் செவரஸ் செபோக்த் என்ற சிரியக் கிறிஸ்தவ மதகுரு இருந்தார். சாஸ்திரம் எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று கிரேக்கர்கள் பெருமை அடித்துக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியர்கள் ஒன்பதே குறிகளை வைத்துச் செய்யும் கணக்கைப் பார்த்தால் கிரேக்கர்கள் அடங்குவார்கள் என்ற பொருளில் எழுதி வைத்தார். இந்தியாவுக்கு வெளியே நம் எண்களைப் பற்றிக் கிடைக்கும் முதல் குறிப்பு அதுதான். ஒன்பது என்கிறார், பூஜ்யத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கி.பி. 762-ல் கலீஃபா அல்-மன்சூர் பாக்தாத் நகரத்தைக் கட்டத் தொடங்கினார். பத்து வருஷம் போலக் கழித்து, சிந்து தேசத்திலிருந்து போன தூதுக்குழுவோடு ஜோதிஷம் தெரிந்த ஓர் இந்தியப் பண்டிதர் ஒரு சம்ஸ்கிருத சித்தாந்த நூலையும் கொண்டுபோனார். அது பிரம்மகுப்தரின் வழியைச் சேர்ந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். அந்தப் பண்டிதரின் பெயர் நமக்குச் சரியாகத் தெரியாது. நூலை அரபியில் ஆக்கியவரின் பெயர் தெரியும்: அல்-ஃபஸாரி. இந்த வித்தியாசத்தை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். வாங்கிக்கொண்டவர்கள் பெயரோடு பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கி.பி. 825 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரபி மூலம் போய்விட்டது, லத்தீன் மொழிபெயர்ப்புதான் மிச்சம். அவர் பெயர் லத்தீன் வாயில் நைந்து 'அல்கோரிஸ்மி' ஆகி, இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரிலும் கலிபோர்னியாவிலும் நாள் முழுக்கக் கட்டி அழும் 'அல்காரிதம்' ஆகியிருக்கிறது.

என் பார்வையில் இந்தக் கதையின் திருப்பம் அவர் அல்ல. அடுத்து வந்த அல்-உக்லிதிஸி. டமாஸ்கஸ் நகரத்தில் கி.பி. 952-53-ல் எழுதியவர். யூக்ளிடின் நூலைப் பிரதி எடுத்து விற்றதால் வந்த பெயர் என்பார்கள். அவருக்கு முன்னால் இந்தியக் கணக்கு என்றால் பலகையில் தூளைப் பரப்பி விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவது. நம் நூல்களிலேயே 'தூளீகர்மம்', 'பாடீகணிதம்' என்ற பெயர்கள் உண்டு. பாடீ என்றால் பலகை. கணக்கு முடிந்ததும் விடை மட்டும் மிஞ்சும், வழி அழிந்துவிடும். எங்கே தப்பு என்று திரும்பிப் பார்க்க இயலாது. தூள் பலகையைக் கையில் எடுத்தாலே வீதியோர ஜோசியன் என்று நினைத்துவிடுகிறார்கள் என்ற குறை வேறு. ஆகவே அதே கணக்கைக் காகிதத்தில் மையால், அழிக்காமல் செய்ய வழி வகுத்துக் கொடுத்தார். நாம் பள்ளிக்கூடத்தில் நீண்ட பெருக்கல் போட்டோமே, படிப்படியாகக் கீழே கீழே எழுதி, அந்த ஜாதிக் கணக்கு.

இதற்குக் காகிதம் மலிவாக இருக்க வேண்டும். காகிதம் சீனர்களின் வித்தை. கி.பி. 751-ல் தலாஸ் நதிக்கரைச் சண்டையில் பிடிபட்ட சீனக் கைதிகள் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பிரபலமான கதை. சாமர்கண்ட் பக்கத்தில் அதற்கு முன்பே காகிதம் பழக்கத்தில் இருந்தது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் 8-ம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாத்தில் காகிதப் பட்டறை வந்துவிட்டது. ஆக, இந்தியனின் எண், சீனனின் காகிதம், பாக்தாத்திலும் டமாஸ்கஸிலும் இரண்டையும் முடிச்சுப் போட்ட கை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். 'நாம் கொடுத்தோம்' என்ற வாக்கியம் மற்ற இரண்டு பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஐரோப்பா மெதுவாகத்தான் விழித்தது. ஸ்பெயினில் கி.பி. 976-ல் எழுதிய ஒரு மடாலயச் சுவடியில் நம் ஒன்பது எண்களும் இருக்கின்றன. பூஜ்யத்தைக் காணோம்! பிற்பாடு போப் ஆன கெர்பெர்ட் என்ற பாதிரியாரும் ஒன்பது எண்களைக் காய்களில் பொறித்து மணிச்சட்டத்தில் வைத்து விளையாடியவர்தான். சட்டத்தில் காலி இடம் காலியாகவே கிடக்கலாமே, அவருக்குப் பூஜ்யம் எதற்கு?

மாற்றியவர் ஒரு வியாபாரியின் பிள்ளை. இத்தாலியில் பீசா நகரத்து லியோனார்டோ. ஃபிபோனாச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பா வட ஆப்பிரிக்காவில் புஜியா துறைமுகச் சுங்கச் சாவடியில் பீசா வணிகர்களின் சார்பில் இருந்தார். பிள்ளை அங்கே இந்திய எண்களைக் கற்றுக்கொண்டு, 1202-ல் 'லிபர் அபாச்சி' எழுதினார். நாணய மாற்று, பங்கு லாபம், சரக்குக்குச் சரக்கு என்று கடைக்காரனுக்கு வேண்டிய கணக்கெல்லாம் அதில் உண்டு. நம் 'சூன்யம்' அரபியில் 'சிஃப்ர்' ஆகியிருந்தது. இரண்டுக்கும் அர்த்தம் காலி. லியோனார்டோ அதை லத்தீனில் 'செஃபிரும்' என்றார். அதுவே இத்தாலியில் தேய்ந்து 'ஜீரோ' ஆனது. சிஃப்ர் இன்னொரு வழியில் போய் இங்கிலீஷில் 'சைபர்' ஆனது.

ஆனால் வரவேற்பு எப்படி? 1299-ல் ஃப்ளோரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம், அங்கத்தினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாது, தொகையை எழுத்தால் எழுத வேண்டும் என்று விதி போட்டது. ஒரு பூஜ்யத்துக்கு வால் போட்டால் 6 அல்லது 9. கடைசியில் ஒரு சுழி சேர்த்தால் பத்து மடங்கு. சங்கத்தார் பயந்தது நியாயந்தானே! வங்கியில் வேலை பார்த்த நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது அதே எச்சரிக்கைதான்.

விதி இருந்தும் எண் நிற்கவில்லை. நாற்பது வருஷத்துக்குள், 1338-ஐ ஒட்டி, அதே ஃப்ளோரன்ஸில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பையன்கள் கணக்குப் பள்ளிக்கூடங்களில் இந்த முறையைப் படித்துக்கொண்டிருந்ததாக ஜோவன்னி வில்லானி என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்து கஜானா மட்டும் கீறல் போட்ட குச்சிகளில் கணக்கு வைக்கும் வழக்கத்தை 1826 வரை விடவில்லை. வேண்டாத குச்சிகளை 1834 அக்டோபரில் பார்லிமெண்ட் கட்டிடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். கட்டிடமே சேர்ந்து எரிந்தது!

இப்போது அந்தச் சங்கடமான கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கணக்கப்பிள்ளை என்ன செய்தார்? அவர் ஸ்தான முறையை அன்றாடக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. 2345 எழுத வேண்டுமானால் ௨௲௩௱௪௰௫. இதில் பூஜ்யத்துக்கு இடமே இல்லை. 1005 என்றால் ௲௫ என்று எழுதி முடித்துவிடலாம். கி.பி. 458-ல் கடலூர் மடத்தில் ஆகாசத்தைப் பூஜ்யமாக்கிச் சுலோகம் செய்த அதே நாட்டில், அதற்கப்புறம் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கிராமக் கணக்கு பூஜ்யம் இல்லாமலே நடந்தது.

இதை நம்மவர்களின் மந்தபுத்தி என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். கணக்கப்பிள்ளையின் கஷ்டம் பெரிய எண் அல்ல, சிறிய பின்னம். நிலத்திலும் நெல்லிலும் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் தினசரி வழக்கு. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. முந்திரியையும் முந்நூற்று இருபதாகக் கூறு போட்டால் கீழ்முந்திரி. ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவுகள் இப்படிக் கீழுக்குக் கீழாக இறங்கிக்கொண்டே போகின்றன. அந்த நுணுக்கத்துக்கு அவர் முறை போதுமானதாக இருந்தது. எண்சுவடியைத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே தலைகீழாக உருப்போட்டிருந்ததால் பெருக்கல் மனதிலேயே முடிந்துவிடும். விடையை மட்டும் எழுத்தாணியால் ஓலையில் கீறினால் போதும். மணலில் எழுதிப் பழகி, ஓலையில் முடிவைப் பதித்தவருக்கு, வழியெல்லாம் எழுதிக் காட்டும் காகிதக் கணக்கு தேவைப்படவில்லை. 1888 எழுத ரோமானியனுக்கு 13 எழுத்து வேண்டும். நம்மவருக்கு ஆறு குறி. இத்தாலிய வியாபாரிக்கு இருந்த நெருக்கடி இவருக்கு இல்லை.

ஆனால் நஷ்டமும் இருந்தது. ஜோதிஷரின் பலகைக் கணக்கும் கணக்கப்பிள்ளையின் ஓலைக் கணக்கும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் இருந்தும், ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. பீசாவில் வியாபாரியின் பிள்ளை கணித நூல் எழுதினான். நம் ஊரில் அந்தத் திண்ணைக்கும் இந்தத் திண்ணைக்கும் நடுவே போக்குவரத்து இல்லை. 19-ம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகமும் கச்சேரி உத்தியோகமும் இங்கிலீஷ் பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான் ஸ்தான முறை தமிழ்க் கணக்கில் நிலைத்தது. கூடவே 'சைபர்' என்ற சொல்லும் வந்தது. பரீட்சையில் சைபர் வாங்கின பையனைத் தாத்தா திட்டும்போது, அது நம் சூன்யம்தான், பாக்தாத், பீசா, லண்டன் சுற்றி வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இதே விஷயம் அரசியல் நிர்ணய சபைக்கும் போயிற்று. 1949 செப்டம்பரில் ஆட்சி மொழி விவாதம். ஹிந்தியைவிட எண்களைப் பற்றித்தான் சண்டை பலமாக இருந்தது. தேவநாகரி எண்களே வேண்டும் என்று ஒரு பக்கம்; உலகம் முழுக்க வழங்கும் வடிவமே வேண்டும் என்று தென்னாட்டு அங்கத்தினர்கள் மறுபக்கம். என். கோபாலஸ்வாமி ஐயங்காரும் கே.எம். முன்ஷியும் சேர்ந்து வகுத்த சமரசத்தில், 343-வது ஷரத்தில் 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று எழுதி எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். சரித்திர ரீதியாக அதைவிடச் சரியான பெயர் கிடைக்காது.

சண்டை அத்தோடு ஓயவில்லை. 2016 நவம்பரில் வெளியான புது 500 ரூபாய் நோட்டில் சர்வதேச வடிவத்தோடு தேவநாகரியிலும் 500 என்று அச்சிட்டார்கள். அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மதுரையில் ஹைகோர்ட் வரை வழக்குப் போயிற்று. அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு எழுத்திலும் ஐந்து மட்டும்தான் வேறு வேறாக இருக்கும். இரண்டு சுழிகளும் அப்படியே இருக்கின்றன.